சும்மா கிடக்கிற நிலம்

மாமியை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவருடைய றப்பர் சப்பாத்துகள்தான். கறுப்பு நிறம், முழங்காலையும் தாண்டித் தொடைவரை ஏறும் உயரம். மாமா ரஷ்யாவிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டு, செங்கலடியில் எங்கள் வீட்டு வாசலில் அரைவாசி ஊர் கூடி நின்றது. அம்மா ஆலாத்தித் தட்டோடு நின்றார். மாமி நீலச் சேலை உடுத்தி, அதைத் தடுக்கி விழாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்தார். மற்றக் கையில் பூச்செண்டு இருக்கும் என்று பார்த்தால் அந்தச் சப்பாத்துச் சோடி தொங்கியது. பெட்டிக்குள் அடங்கவில்லையாம். அம்மா ஆலாத்தியை நிறுத்திவிட்டு, "இவ என்ன, நேர வயலுக்கா போகப்போறா?" என்று கேட்டார். மாமா அதை மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். மாமி அம்மாவைப் பார்த்து மிகவும் பணிவாக "ஓம்" என்றார். எங்கள் ஊரில் அவர் பேசிய முதல் சொல் அது.

மாமி என்று நான் சொல்வது என் அம்மாவின் தம்பி மனைவியை. புலமைப்பரிசில் கிடைத்து சோவியத் நாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைகளில் மாமாவும் ஒருவர். தொம்ஸ்க் என்ற சைபீரிய நகரத்தில் பொறியியல் படித்தார். திரும்பி வந்து நீர்ப்பாசன வேலையில் சேர்ந்ததும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் ஒரு காணி பார்த்தார். ஊருக்குள் நல்ல மேட்டுக்காணிகள் விலைக்கு இருந்தன. மாமி அவை எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தோணாவின் கரையில் போய் நின்றுகொண்டு, வீடு இங்கேதான் என்றுவிட்டார். தோணா என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வயல் வட்டைகளில் மிஞ்சிய மழைநீர் வாவிக்குப் போகிற வழியில் தங்கி நிற்கும் நீளப் பள்ளம் அது. பன் புல்லும் கோரையும் வளரும், வாவியை அண்டிய ஓரத்தில் உப்புநீரில் வேரூன்றும் கண்ணாப் பற்றை நிற்கும். கோடையில் பாதி காய்ந்து மாடு மேயும் தரவையாகிவிடும். அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில் யாராவது வீடு கட்டுவார்களா என்று உறவெல்லாம் சிரித்தது. அன்றைக்குச் சிரித்தவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு அந்தச் சேற்றுக்கு உள்ளேயே வீடு கட்டியிருக்கிறார்கள். இதை அமைதியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியாதுபோலத் தெரிகிறது.

மாமி பிறந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மேற்குச் சைபீரியாவில் ஓப் என்றொரு பேராறும் இர்த்திஷ் என்றொரு பேராறும் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் மேசைபோலத் தட்டையான பெருவெளி. தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதுதான் வாசியுகான் சதுப்பு. உலகின் வடக்குப் பாதியில் அதைவிடப் பெரிய சதுப்பு இல்லை என்கிறார்கள். இலங்கையைத் தூக்கி அதன்மேல் வைத்தால் ஓரங்கள் மட்டும்தான் வெளியே தெரியும். எண்ணிலடங்காத சிறு குளங்கள், அவற்றுக்கிடையே பாசி மெத்தைகள், அங்கங்கே முதுகு காட்டும் மேடுகளில் குட்டைப் பைன் மரங்கள். அந்த மரங்கள் ஒரு பாடசாலைப் பிள்ளையின் உயரம்தான் இருக்கும், ஆனால் வயது மாமியின் பாட்டனாரைவிடக் கூட. சாப்பாடு கிடைக்காத மண்ணில் அவசரப்பட்டு வளர்ந்து என்ன செய்வது? அந்தப் பாட்டனாரையும் நூற்றுக்கணக்கான குடும்பங்களையும் ஓர் அரசாங்கம் பிடித்துக்கொண்டு வந்து அந்தச் சதுப்பின் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. தண்டனையாக. செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் ஊர் அமைத்தார்கள்.

நான் பிறகு புவியியல் ஆசிரியையானேன். மாமி சொன்னதையெல்லாம் புத்தகங்களில் தேடிப் படித்தேன். அங்கே பாசி மேலே வளர்ந்துகொண்டே இருக்கிறது, கீழே செத்துக்கொண்டே இருக்கிறது. குளிரும் புளிப்பும் கலந்த அந்த நீர் செத்ததை உக்க விடுவதில்லை. உக்காத பாசி படை படையாக அமர்ந்து முற்றா நிலக்கரியாகிறது. ஒரு விரல்தடிப்புச் சேர ஒரு மனிதனின் பாதி ஆயுள் ஆகும். அப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து, சில இடங்களில் ஒரு வீடே மூழ்கும் ஆழத்துக்கு இருக்கிறது. காற்றில் கலந்தால் உலகத்தைச் சூடாக்கும் கரியை அந்தச் சேறு தன் வயிற்றில் பிடித்து வைத்திருக்கிறது. ஆறுகள் அதிலிருந்து பிறக்கின்றன. இன்னும் அது வளர்கிறது, ஓரத்துக் காடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. நான் படித்த காலத்துப் புத்தகத்தில் சதுப்பு என்று வரும் இடமெல்லாம் பயன்படாத நிலம் என்ற பேச்சும் கூடவே வந்தது. நானும் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படிப்பித்திருப்பேன், மாமி இல்லாவிட்டால்.

"சும்மா கிடக்கிற நிலம்" என்று யாராவது தோணாவைச் சொன்னால் மாமிக்கு முகம் சிவந்துவிடும். வெள்ளைத்தோல் என்பதால் அது எல்லோருக்கும் தெரியவும் தெரியும். "சும்மாவா? அது ராப்பகலா வேல செய்யிது. நீதான் சும்மா நிக்கிறாய்," என்பார். அயல் பெண்களிடம் கற்ற தமிழ். அதனால் மறுகா, ஒண்ணா என்ற ஊர்ச்சொற்களெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் தாராளமாக வரும். சொற்களில் ஒரு கடினம் இருக்கும், கோபத்தில் அது இன்னும் கூடும். கோபம் வராத நாள் குறைவு. மாமியைப் பொறுமைசாலி, சாந்த சொரூபி என்றெல்லாம் அஞ்சலிக் கூட்டத்தில் சொன்னார்கள். மாமி இருந்திருந்தால் சொன்னவரின் காதைத் திருகியிருப்பார்.

ஒரு கோடை விடுமுறையில் என்னையும் தம்பியையும் தோணாவுக்குள் நடக்கக் கூட்டிப்போனார். அவர்களுடைய ஊரில் கோடையில் சதுப்பைக் கடப்பதற்கு ஒரு முறை இருக்கிறதாம். நீளத் தடியொன்றைக் குறுக்கே பிடித்துக்கொள்ளவேண்டும், விழுந்தால் அது தாங்கும். முன்னால் போகிறவர் மிதித்த இடத்தைப் பின்னால் வருகிறவர் மிதிக்கக்கூடாது, ஏனென்றால் கீழே தரையில்லை, பாசிமெத்தைதான், இரண்டாம் மிதியில் கிழிந்துவிடும். மாமி இந்தப் பாடத்தை முழுதாகச் சொல்லிமுடித்து, தன் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு, தடியோடு, யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து ஓரடி வைத்தார். தொடைவரை போய்விட்டார். எங்கள் சேற்றில் வழி நேர்மாறானது. முன்னால் போனவரின் தடத்திலேயேதான் கால்வைக்க வேண்டும், மிதிபட்ட சேறுதான் இறுகியிருக்கும். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மனிதர் ஓடிவந்து, "என்னகா இது, கொக்கு மாதிரி வேற வேற இடத்தில கால வெச்சா தாழத்தானே செய்வா!" என்று திட்டித் திட்டி இழுத்தெடுத்தார். மாமி வெளியே வந்தார், ஒரு சப்பாத்து வரவில்லை. அதைத் தோண்டியெடுக்கும்வரை அவர் சேற்றில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தார். பிறகு அந்த மனிதரிடமே எங்கள் சேற்றில் நடக்கப் பழகினார். இரண்டு சதுப்பும் ஒன்றல்ல என்பது மாமிக்கு நன்றாகத் தெரியும். அது குளிர், இது வெப்பம். அதற்கு வானத்துத் தண்ணீர் மட்டும்தான், இதற்கு ஒரு பக்கம் வயல்நீரும் மறுபக்கம் வாவியின் உப்பும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாமிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று பின்னாளில் ஒரு கூட்டமே சொல்லிச் சிரித்தது.

தோணாக்கரையை மாமி விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே குடிவந்த முதல் ஆண்டு, புரட்டாதி மாதம். மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துவரவில்லை, உடம்பெல்லாம் வேர்க்குரு. மாமா வேலைக்குப் போனால் வீடு வெறிச்சென்று இருக்கும். ஒரு காலையில் தோணாவிலிருந்து ஒரு பறவை சீழ்க்கைபோல விட்டு விட்டுக் கத்தியிருக்கிறது. மாமி உலையில் அரிசியைப் போட்டபடி விட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு அது உள்ளான். வயலுக்கும் சேற்றுக்கும் பருவத்தில் வந்துபோகும் சின்னப் பறவை, கண்ணி வைத்துப் பிடித்துப் பொரித்துத் தின்பார்கள். மாமிக்கு அது வாசியுகான் பாசியில் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கிற பறவை. பனி விழத் தொடங்கியதும் காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்று சிறுவயதில் அவர் கேட்டாராம், தெற்கே என்று மட்டும்தான் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரிந்தது. அந்தத் தெற்கு தன் வீட்டு வாசல்தான் என்று மாமி அன்றைக்குக் கண்டுகொண்டார். சோறு அடிப்பிடித்துக் கருகிப்போக, மாமி கரையில் குந்தியிருந்து அழுததை நான் பார்க்கவில்லை, அம்மாதான் சொன்னார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகவேண்டும் என்று அவர் கேட்கவில்லையாம்.

ஊர் என்று ஒன்று மிஞ்சியிருந்தால்தானே கேட்பதற்கு. அவருடைய ஊரை அண்டிய சதுப்பிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் நிலம் சும்மா கிடக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தோன்றியது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். கரிச்சேற்றை வெட்டி எரிக்கலாம், மிச்சத்தில் பயிர் செய்யலாம் என்று திட்டம். திட்டம் பாதியில் நின்றுபோனது, வாய்க்கால்கள் நிற்கவில்லை, வடித்துக்கொண்டே இருந்தன. உலர்ந்த கரிமண் ஒரு கோடையில் தீப்பிடித்தது. அந்தத் தீ எங்கள் வைக்கோல் போரில் பிடிக்கும் தீபோல இல்லை. மண்ணுக்குள்ளே எரியும். மழை பெய்தாலும் எரியும், மேலே பனி மூடியிருக்க அடியில் புகைந்துகொண்டிருந்து மறுகோடையில் இன்னோரிடத்தில் தலைகாட்டும். மாமியின் தகப்பனார் தொலைந்த மாடொன்றைத் தேடிப் போனார். புல் பச்சையாகத்தான் இருந்தது. கீழே எரிந்து வெறும் கோதாகியிருந்த நிலம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. "மேல பச்சப் புல்லு, கீழ நெருப்பு. அப்பாட சப்பாத்து மட்டும் கிடைச்சிது, மற்றது ஒண்டும் இல்ல," என்று ஒருமுறைதான் சொன்னார். வேறு எதையும் ஆயிரம் தரம் சொல்கிறவர் இதை ஒருமுறைதான் சொன்னார். ஊர் ஆட்கள் புகையில் இருக்கமுடியாமல் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

சண்டைக் காலம் வந்தது. மாமாவை அந்தக் காலம் எடுத்துக்கொண்டது. அதை இங்கே விரிக்கப்போவதில்லை, படுவான்கரையில் அப்படி ஆளை இழக்காத வீடு எது? தூதரகத்துக்கு எழுதினால் போய்விடலாம் என்று எல்லோரும் சொன்னபோது மாமி போகவில்லை. பிள்ளைகள் இல்லை. எங்கள் தம்பிதான் பிள்ளை. பாடசாலை விட்டால் வள்ளமேறி மாமியிடம் போய்விடுவான். பீற்றூட் போட்டு மாமி வைக்கும் புளிப்பான சிவப்புச் சூப்பை எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான் கேட்டுக் கேட்டுக் குடிப்பான். அவனுக்குக் காய்ச்சல் வந்து வழியெல்லாம் அடைபட்டிருந்த ஒரு நாளில் மாமி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, தோணாவைக் குறுக்கறுத்து நடந்து, மறுகரையில் மருந்துக்காரரிடம் சேர்த்தார். சேற்றில் தடம் பார்த்து நடக்கப் பழகியது அன்றைக்கு உதவியது. தம்பி இதை மேடையில் சொல்வான். கண்கலங்கிச் சொல்வான். பொய்யில்லை, அவனுக்கு மாமிமேல் உயிர். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டுகிறது. அவன் ஒரு கல்நெஞ்சக்காரனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு இருந்துவிடுவேன்.

தம்பி ஒப்பந்தக்காரனானான். டிப்பர், மண் வெட்டும் பெக்கோ, ரோலர் எல்லாம் வாங்கினான். நாலு பேருக்கு வேலை கொடுத்தான், கோயிலுக்கு மதில் கட்டிக்கொடுத்தான். ஒரு தேர்தலுக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வந்து, காணியில்லாத குடும்பங்களுக்குத் தோணாவை நிரப்பி வீட்டுக்காணி பிரித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார். நிரப்பும் வேலை தம்பிக்கு. அவர்கள் காணி பார்க்க வந்தது ஆவணி மாதம். வறண்ட கச்சான் காற்று வீசி, தோணா காய்ந்து வெடித்து, நடுவில் மாடுகள் படுத்திருந்தன. எங்கள் ஆட்கள் எப்போதும் செய்கிற பிழை இது. தண்ணீரின் வீட்டை, அது வெளியூர் போயிருக்கும்போது வந்து பார்த்துவிட்டு, ஆளில்லை என்று பூட்டுப் போடுகிறார்கள். முன்மாரி வெள்ளாமை செய்கிற மனிதர்கள், கார்த்திகையில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள், அவர்களும் சேர்ந்து நின்று அளந்தார்கள். காணி என்றதும் கார்த்திகை மறந்துவிடுகிறது.

பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மாமி போனார், என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தலைமை தாங்கியவர் பேசச் சந்தர்ப்பம் தரவில்லை, மாமி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. எழுந்து நின்று, மேற்கு வட்டையின் தண்ணீர் முழுவதும் இந்தக் கழுத்தால்தான் வாவிக்கு இறங்குகிறது, இதை அடைத்தால் அது எங்கே போகும் என்று கேட்டார். ஒருவர் பின்வரிசையிலிருந்து, "மாமி, அது ரஷ்யா. இது மட்டக்களப்பு," என்றார். சிரிப்பு. "தண்ணி பாஸ்போட் பாத்தா ஓடுது?" என்றார் மாமி. அதற்கும் சிரித்தார்கள். அவர் சொன்னது நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, சிரிக்காமல் எழுந்து, "உங்களுக்குக் கரைமேட்டில வீடு கிடக்கு மாமி. நாங்க எங்க போற?" என்று கேட்டாள். மாமி அவள் பக்கம் திரும்பினார். "ஊருக்குள்ள மேட்டுக்காணி கனக்க சும்மா கிடக்கு. வேலி போட்டு, ஆளில்லாம. அதத் தரச் சொல்லிக் கேளு. நானும் வந்து கேக்கிறன்," என்றார். அந்த மேட்டுக்காணிகளின் சொந்தக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி எழுந்துவந்து மாமியின் தோளைப் பிடித்து, "வாங்க மாமி, உங்களுக்குப் பிரசர் ஏறுது," என்று வெளியே கூட்டிப்போனான். அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கிரவல் மண் வந்தது. நாள் முழுக்க டிப்பர்கள். முதலில் பன்னை மூடினார்கள், பிறகு கண்ணாப் பற்றையை வேரோடு கிளறினார்கள், பிறகு வாவியோரமாக அணைபோல ஒரு றோட்டு உயர்த்தினார்கள். தண்ணீர் போவதற்கென்று கீழே ஒரு குழாய் வைத்தார்கள். ஓரளவு பெரிய நாய் நுழைந்தால் மாட்டிக்கொள்ளும், அத்தனை பெரிய குழாய். மாமி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மத்தியானத்தில் சாப்பிட வருவான், மாமி சோறு போடுவார். அவன் கை கழுவிவிட்டு மறுபடியும் போய் நிரப்புவான். இந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. எப்படிச் சோறு போட்டீர்கள் என்று கேட்டேன். "பசிக்கிற பிள்ளைக்கு வேற என்ன போட?" என்றார்.

இரண்டு மாரி பெரிதாகப் பெய்யாமல் போனது. வீடுகள் எழுந்தன. பார்த்தாயா என்று தம்பி எனக்குச் சொல்லிக்காட்டினான். மூன்றாம் கார்த்திகையில் வானம் உடைந்தது. மேற்கு வட்டையெல்லாம் நிரம்பி, தண்ணீர் தன் பழைய வழியில் வந்து, கிரவல் றோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. குழாய் முதல் நாளே பன்வேரும் பொலித்தீனும் அடைத்து மூடிவிட்டது. புதிய வீடுகளுக்குள் இடுப்பளவு. மாமியின் வீடு கரைமேட்டில்தான், ஆனாலும் அங்கேயும் வந்தது. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து வராத தண்ணீர் அது. நான் வள்ளத்தில் போனபோது மாமி சமையலறை மேசைமேல் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சப்பாத்துகள் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "இது சப்பாத்தவிட உயரம்," என்றார். வள்ளத்தில் ஏறச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார்.

இனி நடந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். வெள்ளம் என்றால் எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று, ஆற்றுவாயை வெட்டுவது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு மூடிக்கிடக்கும். மாரியில் வாவி பொங்கினால் அதை வெட்டித் திறந்துவிட்டால் நீர் கடலுக்குப் போகும். எப்போது வெட்டுவது என்பதில் வெள்ளாமைக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் ஆண்டாண்டாக இழுபறி. முந்தி வெட்டினால் வளராத இறாலும் மீன்குஞ்சும் நீரோடு போய்விடும். அன்றைக்குச் சனம் வெட்டு வெட்டு என்று கத்தியது. தம்பிதான் முன்னால் நின்று, தொலைபேசியில் ஆட்களைப் பிடித்து, தன் பெக்கோவையே அனுப்பினான். வெட்டினார்கள். வாவி இறங்கியது, மளமளவென்று இறங்கியது. கிரவல் றோட்டுக்கு அந்தப் பக்கம் சேறு தெரிகிற அளவுக்கு இறங்கியது. இந்தப் பக்கம் ஒரு சாண் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது வாவியல்ல, றோட்டு. அந்தப் பருவத்து இறாலெல்லாம் கடலுக்குப் போயிற்று, வீடுகளுக்குள் வெள்ளம் அப்படியே நின்றது. மாமி மேசையிலிருந்தபடி, "கழுத்த நெரிச்சி வெச்சிற்று வாயத் திற எண்டிறாங்கள்," என்றார்.

நான் தம்பியைத் தேடிப் போனேன். றோட்டில் குடைபிடித்து நின்றான். றோட்டை வெட்டு என்றேன்.

"அக்கா, இது கொந்தராத்து வேல. நான் நினைச்ச நேரம் வெட்ட ஒண்ணா."

"ஆத்துவாய வெட்ட மட்டும் ஆரிட்டக் கேட்டனீ?"

"அது வேற. எல்லாரும் கேட்டவங்கதானே."

"மாமி மேசைக்கு மேல இருக்கிறா."

"வள்ளம் அனுப்பியிருக்கன். இஞ்ச, நீ சும்மா கத்தாத, சனம் பாக்கிது."

சனம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதுவரை வெட்டு வெட்டு என்று கத்திய ஒருவரும் வாய் திறக்கவில்லை. றோட்டு போனால் காணிக்கு வழியில்லை, வழியில்லாவிட்டால் காணிக்கு விலையில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர்கள் றோட்டைக் காவல் காத்தார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட கைக்குழந்தைக்காரி மட்டும் ஒரு மண்வெட்டியோடு வந்து கொத்தத் தொடங்கினாள். தம்பியின் ஆள் ஒருவன் மண்வெட்டியைப் பறித்தான். மறுநாள் விடிந்தபோது தண்ணீரே ஓரிடத்தில் றோட்டை அரித்து உடைத்திருந்தது. மத்தியானத்துக்குள் வெள்ளம் வடிந்துவிட்டது.

மாமியை வள்ளத்தில் ஏற்றி, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்குக் கொண்டுவரும்போதே இருமல் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். வயதும் குளிரும் நனைந்த நுரையீரலும் சேர்ந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? சைபீரியாவில் பிறந்தவருக்கு மட்டக்களப்பில் குளிர் பிடித்ததே என்று அவரே பகிடி விட்டார். தம்பி இரவும் பகலும் கட்டிலைவிட்டு அசையவில்லை. மாமி அவன் தலையைத் தடவினார். அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. கடைசியில் நினைவு மங்கி ரஷ்ய மொழியில் ஏதேதோ பேசினார். என்ன சொல்கிறார் என்று தம்பி என்னிடம் கேட்டான். மாமியிடம் கொஞ்சம் ரஷ்யன் படித்தவள் வீட்டில் நான்தான். தண்ணீர் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அவன் ஓடிப்போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

மாமி செத்த முப்பத்தோராம் நாள் அமுதுச் சாப்பாடு முடிந்து, கை கழுவிய கையோடு தம்பி எல்லோரையும் கூப்பிட்டு ஓர் அறிவிப்புச் செய்தான். உடைந்த றோட்டைத் திரும்பக் கட்டுகிறார்களாம், முன்னைவிட உயரமாக. அதற்கு மாமியின் பெயரை வைக்கப்போகிறார்களாம். சந்தியில் பெயர்ப்பலகை. மூன்று மொழியிலும் எழுதிவிட்டு, கீழே நாலாவதாக ரஷ்ய எழுத்திலும் மாமியின் பெயர். எல்லோருக்கும் மனம் நெகிழ்ந்துவிட்டது. ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்தார். தம்பி என் பக்கம் திரும்பி, "அக்கா, அந்த எழுத்து உனக்குத்தானே தெரியும். நீ எழுதித் தா," என்றான். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. மாமிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு இலையையெல்லாம் வாரி அவன் முகத்தில் வீசியிருக்க வேண்டும். ரஷ்ய எழுத்தில் மாமியின் பெயருக்குப் பதிலாக வேறு ஏதாவது எழுதிக்கொடுத்துவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை. ஆனால் மாமி வாழ்நாளெல்லாம் விளங்குகிற தமிழில்தானே சொன்னார். அதையே கேட்காதவர்களுக்கு விளங்காத எழுத்தில் எழுதி என்ன வெற்றி? "எழுதித் தாறன். ஆனா தமிழில," என்று சொல்லி, அங்கேயே ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்: "இது தோணா. மழை பெய்தால் மேற்கு வட்டையின் தண்ணீர் இங்கேதான் வரும். இங்கே வீடு கட்டாதீர்கள். கட்டியவர்கள் கார்த்திகைக்கு முன் இந்த றோட்டை வெட்டிவிடுங்கள்."

தம்பி வாசித்தான். தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தான்.

இந்தக் கோடையில் றோட்டை உயர்த்திக் கட்டி, பலகையும் நட்டுவிட்டார்கள். நேற்று பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, மூன்று மொழியிலும் அழகாக இருக்கிறது. நாலாவது வரிக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பலகையில் மாமியின் பெயர் மட்டும் இருக்கிறது, அவர் சொன்ன ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவிட்டு, பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். இன்று ஐப்பசி முடிகிறது. வட்டையில் விதைப்பு ஆகிவிட்டது, மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. றோட்டை இன்னும் ஒருவரும் வெட்டவில்லை.